முகட்டுக்குப் போன பதில்

ஆகஸ்ட் 2, நிலைய நேரம் 09:15

செவ்வாய்ச் சுற்றுப்பாதை, கரைவிளக்கு நிலையம். பொறுப்பு: ஜெனோவா பர்னாந்து. நிலையத்தில் இருப்பவர் ஒருவர்.

காற்று, மின்சாரம், வெப்பம், நிலையம் சுழல்வதால் கிடைக்கும் எடை, எல்லாம் சரி. இரண்டாவது ஆண்டெனாவின் மோட்டார் இன்றும் முனகியது. மசகு விட்டதும் அடங்கியது. பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேர இப்போது பதினான்கு நிமிடம்.

எனக்கு அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காக இன்றைய குறிப்பைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இன்றிலிருந்து இங்கே ஒரு புது ஏற்பாடு ஓடுகிறது.

கீழே முகடு குடியிருப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பூமியில் இருக்கும் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு குழு முகவரி உண்டு. அதற்கு யார் எழுதினாலும் எல்லோருக்கும் போகும். கல்யாணம், பரீட்சை மார்க், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தது எல்லாம் அதில்தான். இது போதாதென்று பூமி மையம் தனியாக ஒரு மடல் கருவியும் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் படங்களோடு அழகாக ஒரு வார மடலை எல்லோருக்கும் அனுப்புவது அதன் வேலை.

சிக்கல் என்னவென்றால், குழுவும் கருவியும் ஒன்றையொன்று அறியாது. புதிதாக ஒரு மருமகள் குழுவில் சேர்ந்தால் அவளுக்கு வார மடல் போகாது. தொல்லை தாங்காமல் குழுவிலிருந்து விலகிய பெரியப்பாவுக்கு வார மடல் போய்க்கொண்டே இருக்கும், அவர் திட்டிப் பதில் எழுதுவார். சனிக்கிழமை வந்தால் இரண்டு பட்டியலையும் திரையில் விரல் வைத்து ஒப்பிடுவதே என் பிழைப்பாக இருந்தது.

இனி அது இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் எழுதிவிட்டேன். குழுவில் ஒருவர் சேர்ந்தால் கருவியிலும் தானாகச் சேர்வார். விலகினால் தானாக நீங்குவார். செய்தி என்று குறியிட்டு யாராவது குழுவுக்கு எழுதினால், அது நேரே வார மடலின் வரைவுக்குள் போய் உட்காரும். முகட்டிலிருந்து வரும் செய்திகளுக்கு முதலிடம்.

மூன்று முறை சோதித்தேன். மூன்றும் சரி.

ஆகஸ்ட் 9, 10:40

எல்லாம் சரி.

பாலத்துக்கு நல்ல பெயர். கருவியில் ஒரு சின்னச் சேர்க்கை மட்டும் செய்தேன். செய்தி அனுப்புகிறவருக்கு, கிடைத்துவிட்டது என்று உடனே ஒரு பதில் போகும். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முறை மட்டும். அதற்கு மேல் போனால் எரிச்சல்படுவார்கள். மையத்தில் இதைப் பார்க்கும் கோவர்த்தனன், பதிலின் அடியில் தானியங்கி என்று போட வேண்டாம், ஒரு மனிதப் பெயர் இருந்தால் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். வாசகமும் அவரே அனுப்பினார். உங்கள் மடல் கிடைத்தது. நான் கவனித்துக்கொள்கிறேன். அன்புடன், ஜெனோவா.

படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. போட்டுவிட்டேன்.

இன்று நிலையம் முகட்டுக்கு மேலே கடந்தபோது அமலன் பேசினான். அமலன் என் தம்பி. என்னைவிட எட்டு வயது இளையவன். குடியிருப்பின் தண்ணீர்க் குழாய்களும் குளிரூட்டும் குழாய்களும் சேரும் பம்ப் அறையில் வேலை. நான் இங்கே வந்த மறுவருடமே விண்ணப்பம் போட்டு அவனும் வந்துவிட்டான். தூத்துக்குடியில் அம்மா தனியாக இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கிரகத்துக்குக் கொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று தெருவில் பெருமையடித்துக்கொள்வாளாம்.

பம்ப் அறை நனைந்த வலைக்கயிறு மாதிரி நாறுகிறது, அதனால்தான் அங்கே தனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது என்றான். கூடவே சலாவுதீன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் அமலனோடு வேலை செய்கிற கீழக்கரைப் பையன். இரண்டு பேரும் ஒரே ஷிப்ட்.

ஆகஸ்ட் 16, 11:05

நேற்று சுதந்திர தினம். யாரோ ஒருவர் குழுவுக்கு வாழ்த்து அனுப்பினார். எல்லோரும் எல்லோருக்கும் பதில் வாழ்த்து அனுப்பினார்கள். பதிலுக்குப் பதில். படம், பாட்டு, பேரப்பிள்ளையின் நடனம். நம்முடைய தொடர்பு ஒரு ஒற்றையடிப் பாதை. அது அடைத்துக்கொண்டு முகட்டு மருத்துவரின் அறிக்கை ஒன்று அரை நாள் நின்றுவிட்டது.

மையம் கேட்டபடி இன்னொரு விதி சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் அளவுக்கு மேல் மெயில் வந்தால் குழு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் வருவது எதுவும் யாருக்கும் நேரடியாகப் போகாது. எல்லாம் வார மடலின் வரிசைக்குப் போகும். அனுப்பியவருக்கு வழக்கமான பதில் போகும்.

மையத்தின் இன்னொரு உத்தரவு: முகட்டில் இருப்பவர்கள் தனித்தனி முகவரிகளுக்கு எழுதிப் பாதையை அடைக்கக் கூடாது, இனி எல்லாம் குழு முகவரிக்கே.

ஆண்டெனா மோட்டார் மறுபடி முனகுகிறது.

செப்டம்பர் 4, 15:20

முகட்டில் விபத்து.

14:50 வாக்கில் குளிரூட்டும் பகுதியில் வெடிப்பு. பேச்சுத் தொடர்பு அறுந்தது. கோபுரம் விழுந்திருக்க வேண்டும். கடைசியாக வந்தது ஒரு பெண் குரல், யாரென்று தெரியவில்லை. கதவு, கதவு என்றது. மையத்துக்குச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 4, 17:30

மேலே கடந்தபோது படம் எடுத்தேன். பெரிய கூடம் சரிந்து கிடக்கிறது. பிற்பகல் உணவு வேளை, பாதிப்பேருக்கு மேல் அங்கேதான் இருந்திருப்பார்கள். குடியிருப்புப் பகுதி கிழிந்திருக்கிறது. பம்ப் அறை புழுதிக்குள் இருக்கிறது, கூரை தெரிகிறது, மற்றது தெரியவில்லை.

எல்லா அலைவரிசையிலும் கூப்பிட்டேன். பேச்சு இல்லை. தண்ணீர் மீட்டர்கள் மட்டும் கீழிருந்து துண்டு துண்டாக எண்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் அனுப்பும்.

அமலா.

செப்டம்பர் 5, 08:10

பூமியில் செய்தி பரவிவிட்டது. குழு நேற்று மாலை 15:30 மணிக்கே பூட்டிக்கொண்டிருக்கிறது. குடும்பங்கள், பத்திரிகைக்காரர்கள், யாரென்றே தெரியாதவர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். வரிசை ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் கேமராவை விட்டு நகர முடியாது. மெயில்களை மையம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோவர்த்தனனுக்கு எழுதினேன். சரி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

நிலையத்தில் ஒரு இறங்கு கலம் இருக்கிறது. ஆளில்லாமல் கீழே போய் வரும். இரண்டு பேர் படுக்கலாம். அதை அனுப்ப அனுமதி கேட்டேன்.

செப்டம்பர் 5, 09:50

அனுமதி இல்லை. கலம் ஒரு முறைதான் போய் வரும் எரிபொருள் கொண்டது. நிலையத்தில் ஏதாவது ஆனால் நான் தப்புவதற்கும் அதுதான். உயிரோடு ஒருவர் இருப்பதற்கு ஓர் அடையாளமாவது வேண்டும் என்கிறது மையம். கோவர்த்தனன் குரலிலேயே சொன்னார்.

"ஜெனோவா, உங்க தம்பி அங்க இருக்கார்னு எனக்குத் தெரியும். இடிபாட்டு மேல வெறுங்கலத்த இறக்கிட்டா அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. ஒரு சின்ன சிக்னல் காட்டுங்க. அடுத்த நிமிஷம் நானே கையெழுத்துப் போடுறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தேடுகிறேன்.

செப்டம்பர் 7, 13:00

ஒவ்வொரு சுற்றிலும் படம். வெப்பப் படத்தில் பம்ப் அறை மட்டும் லேசாகச் சூடு காட்டுகிறது. பம்புகள் ஓடினாலும் அப்படித்தான் காட்டும். மையத்துக்கு அனுப்பினேன். போதாது என்றார்கள்.

அம்மா ஒரு குரல் அனுப்பியிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவே நிறுத்தி, நீ தூங்கினியா என்று மட்டும் கேட்டாள். நான் பதிலுக்குத் தேடுகிறோம் அம்மா என்றேன். ஒருத்தியாக இருந்துகொண்டு தேடுகிறோம் என்கிறேன்.

செப்டம்பர் 9, 16:45

நாளை மாலை மையம் அறிவிக்கப் போகிறது. யாரும் பிழைக்கவில்லை என்று. எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள், மரியாதைக்காக.

இரண்டாவது ஆண்டெனாவின் மோட்டார் நின்றுவிட்டது. சரிசெய்யவில்லை.

செப்டம்பர் 10, 10:05

அம்மாவின் குரல் இப்போது வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி ஜெனோ, அம்மா பேசுதேன். பூசை முடிஞ்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். வார மெயில் வந்திருக்கு. அதுல தம்பி எழுதியிருக்கான்லா. பம்பு ரூம்ல இருக்கானாம், அந்தச் சலாவுதீனும் கூட இருக்கானாம். கை வெந்துபோச்சாம். நீ அன்னைக்கே பதில் போட்டன்னும் எழுதியிருக்கான். எங்கிட்ட ஏன்டி சொல்லல? ஆறு நாளா நான் இங்க கெடந்து சாவுதேன். அவன மேல கூட்டிட்டு வந்துட்டியா? எங்க, அவன ரெண்டு வார்த்த பேசச் சொல்லு."

நான் எந்தப் பதிலும் போடவில்லை.

10:12

வார மடலைத் திறந்தேன். இன்று ஞாயிறு. காலை எட்டு மணிக்கு, வழக்கமான நேரத்தில், தானாகப் போயிருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை. மேலே பூப்படம். இந்த வாரம் முகட்டிலிருந்து என்ற தலைப்பு. முகட்டுச் செய்திக்கு முதலிடம், நான் எழுதிய விதி. அதன்படி முதலில் நான்கு செய்திகள்.

செப்டம்பர் 4, 15:40. அமலன். "அக்கா, நானும் சலாவுதீனும் பம்ப் ரூம்ல மாட்டிக்கிட்டோம். கதவு தாங்குது. தண்ணி இருக்கு, காத்து ஒரு வாரம் பத்து நாள் வரும். வால்வ மூடும்போது வலது கையும் நெஞ்சும் வெந்திருச்சு. மருந்து இல்ல. கலத்த அனுப்பு."

செப்டம்பர் 4, 15:52. அமலன். "பதில் பாத்தேன். நீ கவனிச்சுக்கிடுவன்னா எனக்குப் பயமில்ல. காத்திருக்கோம்."

செப்டம்பர் 5, 12:20. சலாவுதீன். "ஜெனோக்கா, அமலனுக்கு உடம்பு முடியல. சீக்கிரம்."

செப்டம்பர் 8, 11:00. அமலன். "அக்கா, மேல உனக்கு என்ன கஷ்டமோ தெரியல. மையத்துல விட மாட்டேங்கானுவளா? அவசரம் இல்ல. காய்ச்சல் இருக்கு. கை வெந்தத அம்மாட்ட சொல்லாத."

எல்லாக் குடும்பங்களுக்கும் போயிருக்கிறது. அம்மாவுக்கும்.

என் தலைக்கு மேலே இருக்கும் ஆண்டெனா வழியாகத்தான் வந்திருக்கிறது. பம்ப் அறை முனையத்தின் எழுத்து, மீட்டர் எண்கள் வரும் அதே வழியில், எண்ணோடு எண்ணாக. நான் அந்தத் துடிப்பைத் திரையில் பார்த்தேன். மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலே இருக்கிறது, நான்காம் தேதிக் குறிப்பில்.

10:20

அனுமதி கேட்கவில்லை. கலத்தை அவிழ்த்துவிட்டேன். மருந்துப்பெட்டி, காற்று உருளைகள், இரண்டு உடைகள் ஏற்றியிருக்கிறேன். இறங்க ஐந்து மணி நேரம்.

பம்ப் அறை முனையத்துக்கு நேரடியாகத் தட்டினேன். அமலா, அக்கா. நிஜமாவே அக்கா. கலம் வருது. மூன்று மணிக்கு வெளிக்கதவுப் பக்கம் வாங்க.

10:31

பதில் இல்லை.

10:44

பதில் வந்தது.

"ஜெனோக்கா, சலாவுதீன். அமலன் இன்னைக்கு காலைல போயிட்டான்."

10:44

இன்று காலை.

12:30

கோவர்த்தனன் பேசினார். கலத்தை அனுப்பியதற்குத் திட்டவில்லை. அனுமதிக் கடிதத்தில் நேரத்தை முன்தேதியிட்டுத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு இது.

"குழு மெயில இங்க மூணு பேர் பாக்க வேண்டியது. வரிசையத் தொறந்தா ஒவ்வொரு மெயிலுக்குக் கீழயும் பதில் அனுப்பப்பட்டதுன்னு இருந்துச்சு. உங்க பேரு. நீங்க அங்க இருந்தே பாத்து அனுப்பிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சோம் ஜெனோவா. உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நான்தான் அவங்களுக்குச் சொன்னேன்."

நான் அவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நான் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். பாலம் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

13:15

அம்மாவிடம் சொன்னேன். தம்பி இல்லை என்று மட்டும். சலாவுதீன் இருக்கிறான் என்றும். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

13:50

அம்மாவின் பதில்: "அவன அங்க விட்டுட்டு வந்துராதீங்க."

செப்டம்பர் 11, 09:30

கலம் திரும்பியது. இரண்டு பேர் படுக்கலாம். இரண்டு பேர் வந்தார்கள்.

சலாவுதீன் தன்னால் நடக்க முடியாத நிலையிலும் அமலனை உடைக்குள் போட்டுக் கட்டி, தோளில் தாங்கிக் கதவு வரை கொண்டுவந்திருக்கிறான். எப்படி என்று கேட்டேன். செவ்வாயில் எடை கம்மிதானேக்கா என்றான்.

அமலனின் வலது கை முழங்கை வரை துணி சுற்றியிருக்கிறது. அதை அவிழ்க்கவில்லை. முகத்தைத் துடைத்தேன். தாடி வளர்ந்திருக்கிறது. தலைமுடியில் அந்த வலைக்கயிறு வாடை.

இந்தக் காயத்துக்கு வேண்டிய மருந்து பெட்டியின் முதல் தட்டில் இருக்கிறது. நான்காம் தேதியே போயிருந்தால் மறுநாள் எழுந்து உட்கார்ந்திருப்பான். இது என் கணக்கு இல்லை. மையத்து மருத்துவரிடம் கேட்டேன். அவர் மழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. ஆமாம் என்றார்.

15:40

பாலத்தை நிறுத்திவிட்டேன். விதிகள் அனைத்தையும் அழித்தேன்.

வரிசையில் இருந்த எல்லா மெயில்களையும் முகட்டு முகவரிகளை வைத்துத் தேடினேன். வேறு யாராவது, வேறு எங்காவது இருந்து எழுதியிருக்கிறார்களா என்று. இல்லை. அந்த நான்கு மட்டும்தான்.

குடும்பங்களுக்கு இனி ஒவ்வொன்றாக, என் கையால் எழுதுவேன். இன்று ஏழு பேருக்கு எழுதினேன். முகட்டில் சமையல் செய்த ஞானாம்பாளின் கணவர் விபத்தன்று குழுவுக்கு ஒரே வரி எழுதியிருந்தார். என் மனைவி இருக்கிறாளா என்று. அவருக்கும் என் பெயரில் பதில் போயிருக்கிறது. நான் கவனித்துக்கொள்கிறேன் என்று. அவர் அதற்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 12, 11:20

சலாவுதீன் இன்று எழுந்து கஞ்சி குடித்தான். கீழக்கரையில் அவன் மனைவி ருக்கையாவோடு பேசவைத்தேன். அவள் அழுத பதிவு வந்தது. பதில் அனுப்பாமல் அவன் அதையே மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மையம் கேட்டபடி அவன் சொன்னதைப் பதிவு செய்தேன். வெடித்ததும் அமலன்தான் ஓடிப்போய் குளிரூட்டும் குழாயின் வால்வை மூடினான். மூடாவிட்டால் விஷக் காற்று பம்ப் அறைக்குள் வந்திருக்கும். சுடுகிறது என்று கையை எடுக்காமல் கடைசிச் சுற்று வரை திருகினான். அதனால்தான் சலாவுதீன் இருக்கிறான். இதை அவன் மூன்று முறை சொன்னான், பதிவில் விழுந்ததா என்று கேட்டுக் கேட்டு.

பதிவு முடிந்ததாக நினைத்து நிறுத்தப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். அமலன் அந்தப் பதிலைப் பற்றி என்ன சொன்னான் என்று நான் கேட்காமலே ஆரம்பித்தான்.

"பதில் வந்ததும் சத்தமா வாசிச்சான்க்கா. அக்கா பாத்துட்டா, இனி தூங்கலாம்னான். நாந்தான் கேட்டேன், என்னடா இது, ஒன்னையப் போயி 'உங்கள் மடல்'ங்குறாங்கன்னு. அதுக்கு அவன், மையத்துல எல்லாரும் வாசிப்பாங்கள்ல, அதான் அக்கா ஆபீஸ் பாஷைல எழுதுதான்னு சிரிச்சான்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சலாவுதீன், அது நான் இல்லை. அவன் முடிக்க விடவில்லை.

"தெரியும்க்கா. மறுநா நான் எழுதுனேன்ல. எனக்கும் வந்துச்சு. எழுத்து மாறாம அதே பதில். அப்பவே புரிஞ்சுபோச்சு, மேல யாரும் பாக்கல, மெஷின்தான் பேசுதுன்னு."

அமலனிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"இல்ல. காட்டவே இல்ல. அழிச்சுட்டேன். காய்ச்சல் ஏற ஏற அவன் அந்தப் பதிலத் தொறந்து தொறந்து வாசிச்சுக்கிட்டு இருந்தான். அக்கா வந்துருவான்னு எனக்குத் தைரியம் சொல்றான், அவன் எனக்கு. அதப் பிடுங்கிட்டு நான் என்னத்தக் குடுக்க?"

அதன்பின் ஐந்து நாள், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒருவன், வந்துவிடுவார்கள் என்று நம்பிய ஒருவனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, ஆமாடா, வந்துருவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். என்ன சொல்லியும் அழவில்லை அவன். என் தோளில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டான்.

செப்டம்பர் 13, 09:00

அம்மாவின் குரல். முதல் முறையாகக் கோபம்.

"ஜெனோ, ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. நாலாந்தேதி அவன் எழுதியிருக்கான். அன்னைக்கே நீ பதில் போட்டிருக்க. கவனிச்சுக்கிடுதேன்னு சொன்னவ ஆறு நாளா என்னட்டி செஞ்ச? கலம் உங்கிட்டதான இருந்துச்சு? அவங்கிட்ட சொல்லிட்டு, பொறவு ஏன் போகல?"

09:40

இரண்டு வழி இருந்தது. மையம் விடவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அம்மா நம்புவாள், மையத்தைச் சபிப்பாள், அத்தோடு போகும்.

முடியவில்லை. அமலனிடம் ஒரு பொய்யான பதில் போனது போதும்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், விதி, வரிசை, என் பெயர் போட்ட வாசகம், எதையும் விடவில்லை. கடைசியில், அம்மா, அவன் வாசித்த பதிலை நான் எழுதவில்லை, அவன் எழுதியதை நான் பார்க்கவே இல்லை, நீ வாசித்த பிறகுதான் எனக்குத் தெரியும், என்றேன். சலாவுதீன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் அவன் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

போக பதினான்கு நிமிடம். வர பதினான்கு நிமிடம்.

10:35

இன்னும் இல்லை.

11:10

வந்தது. நீளமான பதிவு. முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அம்மா மூச்சு விடுவது கேட்கிறது. மீன்காரரின் வண்டி ஹாரன் தெருவில் போகிறது. போனை மேசையில் வைக்கும் ஓசை. நிறுத்த மறந்திருக்கிறாள். நாற்காலி இழுபடுகிறது. செருப்பு. குழாயைத் திறந்து மூடுகிறாள்.

கதவு. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவின் குரல்.

"மூத்தவ பேசுனாளாக்கா? என்ன சொல்லுதா?"

அம்மா சொல்கிறாள்: "அந்தச் சலாவுதீன் பையன் கஞ்சி குடிச்சானாம்."

பாக்கியத்தக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தெருவுல ஒவ்வொருத்தி ஒவ்வொண்ணு பேசுதாளுவ. பதில் போட்டுட்டு அக்காக்காரி தம்பிய விட்டுட்டான்னு. அந்த மெயில எல்லாரும் வாசிச்சிருக்காவல்லா."

விசிறிச் சத்தம். அம்மா தம்ளரை ஓங்கி வைக்கிறாள்.

"எவ சொன்னா? எம்மவதான் பதில் போட்டா. அவ கையால போட்டா. கலத்த விட அந்த ஆபீஸ்காரனுவ சம்மதிக்கல, அவ ஒத்தையில என்ன செய்வா. அக்கா எழுதுனத வாசிச்சிட்டுத்தான் எம்பிள்ள கண்ண மூடுனான். கேக்குதவகிட்ட அப்படியே சொல்லு."

அதோடு பதிவு முடிகிறது.

நான் சொன்னது அத்தனையும் கேட்டபிறகு அம்மா சொன்னது இது.

11:50

சலாவுதீன் வெளியே போய்விட்டான். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். உன் குரல் கிடைத்தது என்று எழுதினேன். அழித்தேன்.

அம்மா, நான்